நிலக்கரி: எடுக்க மட்டுமே முடிகிற இருப்பு



இந்த மாதப் பாடம் நிலக்கரி. "கரிக்கும் நமக்கும் என்னக்கா இருக்கு? நம்ம ஊர்ல யாரு நிலக்கரி எரிக்கா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சங்கரன்கோவில் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. அடுப்பில் நிலக்கரி போடுகிற வீடும் கிடையாது. ஆனாலும் நாம் தினமும் நிலக்கரி எரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே சுவிட்சைப் போடுகிறோம், அது வேறு எங்கோ எரிகிறது. கண்ணில் படாததால் அதற்குக் கணக்கு வைப்பதில்லை. சேமிப்புக்கும் கடனுக்கும் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதப் பழகிய நாம், இதற்கும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுவோம்.

அடுப்புக்கரி வேறு, நிலக்கரி வேறு

கரி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கரிமூட்டம்தான். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, கட்டைகளை அடுக்கி, மேலே இலை தழை போட்டு மண்ணால் மூடி, உள்ளே காற்று அதிகம் புகாமல் நாள் கணக்கில் புகைய விடுவார்கள். மூட்டத்தைப் பிரித்தால் கரி. டீக்கடைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் போவது இந்த மரக்கரி. வெட்டின தூரில் மறுபடி துளிர்க்கிறது. மூன்று நான்கு வருஷத்தில் திரும்பவும் வெட்டலாம். யாரும் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை.

நிலக்கரி அப்படி இல்லை. இன்று ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் வெட்டி எடுக்கிற கரி, 25 கோடி வருஷங்களுக்கும் முன்னால் சதுப்பு நிலத்தில் வளர்ந்து மடிந்த காடு. மனிதர் என்று ஒருவரும் பூமியில் இல்லாத காலம். விழுந்த செடி, கொடி, மரம் எல்லாம் மக்கிப் போகாமல் சேற்றில் அமுங்கின. அதன்மேல் மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்தன. மேலே பாரம், உள்ளே சூடு. கோடிக்கணக்கான வருஷம் இப்படிக் கிடந்து கிடந்து கல்லாக இறுகியதுதான் நிலக்கரி. சுரங்கப் பாறைகளில் அந்தக் காலத்து இலைகளின் அச்சு இன்றைக்கும் நரம்பு தெரியப் பதிந்திருக்கிறது.

மரக்கரியும் மரத்திலிருந்து வந்ததே, நிலக்கரியும் மரத்திலிருந்து வந்ததே. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. நாம் எரிக்கிற வேகத்துக்குத் திரும்ப உண்டாகிவிடும் என்றால் அது 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி'. காற்று, வெயில், ஓடுகிற தண்ணீர், மாட்டுச் சாணம், விறகு இதில் சேரும் (விறகும், வெட்டுகிற அளவுக்கு மரம் வளர்ந்தால்தான்). நம் ஆயுசிலும் பேரன் பேத்தி ஆயுசிலும் திரும்ப உண்டாகாது என்றால் அது 'புதுப்பிக்க இயலாத எரிசக்தி'. நிலக்கரி, பெட்ரோல், டீசல், நாம் சமைக்கிற சிலிண்டர் கேஸ் எல்லாம் இந்தப் பக்கம்.

குழு பாஷையில் சொன்னால் சுலபம். நம் குழுவில் வாரா வாரம் சந்தா போடுகிறோம், உள்கடன் கொடுக்கிறோம், வட்டியோடு திரும்பி வருகிறது. எடுத்தாலும் பை காலியாவதில்லை. ஒருவரும் சந்தா போடாமல், கடன் வாங்கினவர்களும் திருப்பிக் கட்டாமல், ஆளாளுக்குப் பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தால் அந்தக் குழு எத்தனை நாள் ஓடும்? நிலக்கரி அப்படிப்பட்ட பை. போட்டது நாம் இல்லை. திரும்பப் போடவும் நம்மால் முடியாது.

நம் வீட்டு கரண்ட் எங்கே பிறக்கிறது?

கழுகுமலை, கோவில்பட்டி வழியாகக் கிழக்கே போனால் தூத்துக்குடி. அங்கே துறைமுகத்தை ஒட்டி அனல்மின் நிலையம் இருக்கிறது. 1979இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. 1992க்குள் ஒவ்வொன்றும் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள் கட்டி முடித்தார்கள். மொத்தம் 1,050 மெகாவாட். பக்கத்திலேயே நெய்வேலி நிறுவனமும் நமது மின்வாரியமும் கூட்டாகக் கட்டிய 1,000 மெகாவாட் நிலையம் 2015இல் வந்தது.

தூத்துக்குடியில் நிலக்கரி விளையவில்லை. தமிழ்நாட்டில் எங்குமே கறுப்பு நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஒடிசா மாநிலம் தால்சேர் சுரங்கத்தில் வெட்டுகிறார்கள். அங்கிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம். அங்கே கப்பலில் ஏற்றி, வங்கக் கடல் வழியாகத் தூத்துக்குடி. இதற்கென்றே தமிழ்நாடு அரசு 1974இல் பூம்புகார் கப்பல் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தியது. இது போதாமல் இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்தும் கரி வாங்குகிறோம்.

வந்த கரியை மாவு மாதிரி அரைக்கிறார்கள். அந்தத் தூளை ஊதி எரித்து, பெரிய கொதிகலனில் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். குக்கர் விசிலைத் தூக்குகிற அதே ஆவிதான். ஆனால் பல மடங்கு அழுத்தத்தோடு பாய்ந்து சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் சுற்றினால் மின்சாரம். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கரியில் இருக்கிற சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கிற தண்ணீர் வழியாகவும் போய்விடுகிறது. கோடி வருஷச் சேமிப்பை எடுத்து, அதிலும் மூன்றில் இரண்டு பங்கைச் சிந்திவிட்டுத்தான் நமக்கு வெளிச்சம் வருகிறது.

"அப்போ எங்க வீட்டு பல்புல எரியறது தூத்துக்குடி கரண்ட்டா?" என்று கேட்டால், பிரித்துச் சொல்ல முடியாது. பால் சொசைட்டியில் எல்லார் வீட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றின பிறகு இது யார் மாட்டுப் பால் என்று கேட்கிற மாதிரி. தூத்துக்குடி, நெய்வேலி, கூடங்குளம், நம் பக்கத்துக் காற்றாலை எல்லாமே ஒரே கம்பியில்தான் ஊற்றுகின்றன. ஆனால் இந்தியா முழுவதும் உண்டாகிற மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு போல நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அந்தக் கேனில் அதிகம் ஊற்றுவது கரிதான்.

ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ?

இந்தியக் கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் முக்கால் கிலோ எரிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் நாமே போட்டுவிடலாம்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடுகிற வீடு என்றால் 150 கிலோ கரி. அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் மூன்று மூட்டை. நம் ஊர் விசைத்தறியை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் ஏழு யூனிட்டுக்கு மேல் ஆகும். ஐந்தரை கிலோ கரி. ஒரு வீட்டில் நான்கு தறி இருந்தால் தினம் இருபது கிலோவுக்கு மேல். சேலையில் கரி வாடைகூட அடிக்காது, ஆனால் அந்தச் சேலைக்குள் நிலக்கரி இருக்கிறது.

தூத்துக்குடியின் ஐந்து அலகும் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் ஏறக்குறைய 2 கோடியே 50 லட்சம் யூனிட். அதற்கு 18,000, 19,000 டன் கரி வேண்டும். ஒரு சரக்கு ரயிலில் சுமார் 4,000 டன் பிடிக்கும். ஆக, ஒரே ஒரு நிலையத்துக்கு தினம் நாலு ரயிலுக்கு மேல். எரித்த பிறகும் வேலை முடியாது. நம் நாட்டுக் கரியில் நூறு கிலோவுக்கு முப்பது, நாற்பது கிலோ சாம்பல்தான் மிஞ்சும். சிமெண்டுக்கும் சாம்பல் கல் அறுக்கவும் ஒரு பகுதி போகிறது. பயன்படாததைத் தண்ணீரோடு கலந்து சாம்பல் குளத்தில் விடுகிறார்கள். காய்ந்து காற்றில் பறந்தால் பக்கத்து ஊர்க்காரர்களின் மூச்சுக்குத்தான் கேடு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கிலோ போலக் கரியமில வாயுவும் வானத்துக்குப் போகிறது. பூமி சூடாகி மழை முறை மாறுகிறது என்று சொல்லுகிறார்களே, அதற்கு உலகத்திலேயே பெரிய காரணம் நிலக்கரிப் புகை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு மழையைக் காட்டி இதற்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடல் சூடானால் இப்படிப்பட்ட பேய்மழைக்கு வாய்ப்பு கூடும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டை இல்லை.

எப்போது தீரும்?

இந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லுகிற பதில், "ஒரு நாள் தீர்ந்துவிடும்" என்பது. அது சரி, ஆனால் பாதிதான். இந்தியாவில் பூமிக்கடியில் 38,000 கோடி டன்னுக்கு மேல் கரி இருப்பதாக அரசு மதிப்பிட்டிருக்கிறது. 2024-25இல் நாம் வெட்டியது 100 கோடி டன்னுக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் இன்னும் முந்நூறு வருஷத்துக்கு மேல் வரும் போலத் தெரிகிறது. "பிறகென்ன கவலை?" என்று தோன்றும்.

இங்கேதான் நம் ஊர் போர்வெல்லை நினைக்க வேண்டும். நம் பாட்டி காலத்தில் கிணற்றில் கமலை கட்டி இறைத்தார்கள். பிறகு நூறு அடியில் போர் போட்டோம். பிறகு முந்நூறு, ஐந்நூறு. பூமிக்குள் தண்ணீரே இல்லாமல் போய்விட்டதா? இல்லை, இருக்கிறது. எடுக்கிற செலவை நம்மால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். தண்ணீராவது நல்ல மழை பெய்தால் ஏறும். கரி ஏறாது. மேலாக, சுலபமாகக் கிடைத்ததைத்தான் முதலில் எடுக்கிறோம். போகப் போக ஆழம் கூடும். மேலே இருக்கிற காடு, வயல், ஊர் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டிவரும். அந்த 38,000 கோடி டன்னிலும் ஒரு பகுதிதான் உறுதியாகப் பார்த்தது, மற்றது கணிப்பு. நிலக்கரி தீர்ந்து போவதற்கு ரொம்ப நாள் முன்பே நம்மிடம் விலை கேட்கத் தொடங்கிவிடும் என்பது எங்கள் கருத்து. பார்க்கப் போனால் கேட்கத் தொடங்கிவிட்டது.

2021 அக்டோபரில் நாட்டில் பல மின் நிலையங்களில் நாலு நாளைக்குக்கூடக் கரி இருப்பு இல்லை. 2022 ஏப்ரலில் கரி போதாமல் தூத்துக்குடியிலும் அலகுகளை நிறுத்த வேண்டியதாயிற்று, பல மாவட்டங்களில் கரண்ட் போனது. அதே வருஷம் உக்ரைன் போரால் வெளிநாட்டுக் கரி விலை தாறுமாறாக ஏறியது. அந்த செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணமும் உயர்ந்தது. மின்வாரியத்தின் பழைய கடன் முதலான வேறு காரணங்களும் அதில் உண்டு, எல்லாப் பழியையும் கரிமேல் போடக் கூடாது. என்றாலும் எங்கேயோ நடக்கிற சண்டைக்கு நம் தறிக்காரர் வீட்டில் கட்டணம் ஏறுவது எப்படி என்று இதில் தெரிகிறது.

நெய்வேலியில் நடந்தது

நம் மாநிலத்துக்குள் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. வயதில் இளையது, ஈரம் அதிகம், சூடு குறைவு. ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் வேண்டும். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ கிடைத்தது என்பதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. 1956இல் நிறுவனம், 1961இல் முதல் கரி, 1962இல் மின்சாரம். தமிழ்நாட்டுக்கு வெளிச்சம் தந்ததில் நெய்வேலிக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்க முடியாது.

ஆனால் அது திறந்தவெளிச் சுரங்கம். மேலே இருக்கிற மண் முழுவதையும் சக்கர வாளிகள் வைத்த ராட்சத இயந்திரங்களால் சுரண்டி எடுத்தால்தான் கரி. அடியில் ஊற்றுத் தண்ணீர் பொங்கி வந்து சுரங்கத்தை மூழ்கடிக்காமல் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் எடுத்து முடித்தால் அடுத்த வயல். நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலைக்காகவும் சரியான இழப்பீட்டுக்காகவும் பல வருஷமாகப் போராடி வந்திருக்கின்றன.

2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நடந்ததை டிவியில் நம்மில் பலர் பார்த்தோம். சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, கதிர் வரப்போகிற நெல் வயலில் இயந்திரங்களை இறக்கினார்கள். நிலத்தை முன்பே எடுத்துவிட்டோம் என்றது நிறுவனம். விவசாயிகள் அதிலேதான் பயிர் செய்து வந்தார்கள். கடைசியில் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உயர் நீதிமன்றம் சொன்னது. நாற்று நட்டுக் களை எடுத்த கைக்குத்தான் தெரியும், பச்சைப் பயிரின்மேல் சக்கரம் ஏறுவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று. அதே வருஷம் மார்ச்சில் தஞ்சாவூர்ப் பக்கம் வடசேரி, மைக்கேல்பட்டி முதலிய இடங்களையும் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். காவிரி டெல்டா 2020லேயே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடம். எதிர்ப்பு கிளம்பியதும் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

கரி தீர்வதற்கு முன்பே விலை கேட்கும் என்றோமே, அந்த விலை எப்போதும் ரூபாயில் வருவதில்லை.

காற்றாலை இத்தனை இருக்கிறதே?

சங்கரன்கோவிலிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் காற்றாலை தெரிகிறது. தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலை நிறுவியிருக்கிறார்கள். தூத்துக்குடி பழைய நிலையத்தைப் போலப் பத்து மடங்கு. "அப்புறம் ஏன் கரி?" என்று குழந்தைகள்கூடக் கேட்கின்றன.

காற்று நம் சொற்படி வீசாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வைகாசியில் கிளம்பி, ஆடித்தபசு நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஐப்பசிக்குள் அடங்கிவிடும். பிறகு இறக்கை பேருக்குச் சுற்றும். 2012இல் காற்று இறங்கின மாதங்களில் நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் தறி நின்றதும், பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்ததும் மறந்திருக்காது. தேவைக்கு ஏற்றபடி மின் நிலையம் கட்டாததுதான் அதற்கு முக்கியக் காரணம். காற்றை மட்டும் நம்ப முடியாது என்பதையும் அந்த வருஷம் காட்டியது. வெயிலோ சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விடும். எல்லா வீட்டிலும் லைட், டிவி, மிக்சி ஓடுவது அதற்குப் பிறகுதான்.

ஆகவே மிஞ்சின மின்சாரத்தைச் சேர்த்து வைக்க வழி வேண்டும். ஆழியாறு பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே இருக்கிற தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொள்கிறது. தட்டுப்பாடு வரும்போது அதையே இறக்கிக் கரண்ட் எடுக்கிறது. நெல் மலிவான காலத்தில் குதிருக்குள் போட்டு வைக்கிற மாதிரி. இப்படிப்பட்டவையும் பெரிய பேட்டரிகளும் பெருகப் பெருகத்தான் கரியைக் குறைக்க முடியும். ஒரே நாளில் நிலக்கரியை நிறுத்து என்று சொல்வது நடக்காத பேச்சு. இருக்கிறதே, எரித்துக்கொண்டே இருப்போம் என்பதும் அப்படித்தான்.

நம் கையில் இருப்பது

முதலில் ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். இப்போது கிடைக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் 28, 30 வாட்தான், அதே நேரத்துக்கு 18 யூனிட்டுக்குள் முடியும். விலை கூடத்தான். ஆனால் ஒரு ஃபேனில் இருபது கிலோ கரி மிச்சம். 60 வாட் குண்டு பல்பு யார் வீட்டு மாட்டுக்கொட்டிலிலாவது இன்னும் தொங்கினால், 9 வாட் எல்.இ.டி. போட்டுவிடுங்கள்.

அடுத்தது மாடி சோலார். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதியை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத மாடி வேண்டும், தினம் நாலு யூனிட் போலக் கிடைக்கும். இது எல்லாருக்கும் ஆகாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஓட்டு வீட்டுக்கும், இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிகிற வீட்டுக்கும் இதனால் பெரிய லாபம் இல்லை. கந்துவட்டிக்கு வாங்கி சோலார் போடவே கூடாது. தறி ஓட்டுகிற வீடு, மாவு மில், தையல் யூனிட் வைத்திருக்கிற குழு என்றால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மானியம் கைக்கு வருகிற வரை முழுப் பணத்துக்கும் நாம்தான் பொறுப்பு என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு

எல்லாரும் மீட்டர் அட்டையையோ, செல்போனில் வந்த மின் கட்டணச் செய்தியையோ கொண்டு வாருங்கள். கடைசியாக எடுத்த யூனிட்டை ஒவ்வொருவராகச் சொல்ல, ஊக்குநர் நோட்டில் எழுதட்டும். கூட்டினதை முக்காலால் பெருக்கினால் இத்தனை கிலோ கரி என்று வரும். நம் யூனிட் எல்லாமே கரியிலிருந்து வருவதில்லை, ஆகவே அதில் பத்தில் ஏழு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஐம்பதால் வகுத்தால் மூட்டைக் கணக்கு. பிறகு, எந்த வீட்டில் எது அதிகம் இழுக்கிறது, எதைக் குறைத்தால் பிழைப்புக்கு இடைஞ்சல் இல்லை என்று பேசுங்கள். நம் ஊர் வயலுக்கு அடியில் கரி இருக்கிறது என்று நாளைக்கு யாராவது வந்து சொன்னால் நாம் என்ன சொல்லுவோம் என்பதையும் பேசிப் பாருங்கள். கருத்து வேறுபட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள். மூட்டைக் கணக்கை வருகிற மாதம் பத்தாம் தேதிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்தால், எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்து அடுத்த இதழில் போடுகிறோம்.